வீட்டு பீர்: அந்த 11 லிட்டர் எங்கே போகிறது?

அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்சுவதற்கு மத்திய அரசு விதித்திருந்த தடையை நீக்கும் சட்டத்தில் ஜிம்மி கார்ட்டர் 1978-ல் கையெழுத்திட்டார். இரண்டு பெரியவர்கள் இருக்கும் வீட்டில் ஆண்டுக்கு 200 காலன் வரை சொந்த உபயோகத்துக்கு வரியில்லாமல் காய்ச்சிக்கொள்ளலாம். (தமிழ்நாட்டில் மதுவிலக்குச் சட்டப்படி இது குற்றம். இங்கே யாரும் முயல வேண்டாம்.) அங்கே ஒரு தடவைக்கு வழக்கமான அளவு 5 காலன், அதாவது 19 லிட்டர். அதற்கு 5 கிலோ மால்ட்டும் (முளைகட்டி உலர்த்திய பார்லி) ஏறக்குறைய 30 லிட்டர் தண்ணீரும் தேவைப்படும். நடுவில் காணாமல் போகும் 11 லிட்டரைப் பற்றித்தான் இத்தனை தவறான நம்பிக்கைகள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். எல்லா லிட்டருக்கும் ஒரே விலை கிடையாது. மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து எடுத்த சாறு கொதிக்கும்போது ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர். சர்க்கரை முழுவதும் அண்டாவிலேயே இருக்கிறது. கொதித்த சாறு ஆறும்போது அளவில் சுமார் 4 சதவீதம் சுருங்கும். அதில் எதுவுமே வீணாவதில்லை. ஆனால் ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து ஆறவும் வைத்த பிறகு அடியில் தங்கிவிடுகிற ஒரு லிட்டர், முழு உழைப்பும் சேர்ந்த சாறு. சிக்கனம் பார்க்க வேண்டிய இடம் அது.

நம்பிக்கை: மால்ட் பையைப் பிழிந்தால் பீர் துவர்க்கும்.

இவ்வளவு பரவலான, இவ்வளவு நஷ்டம் தருகிற நம்பிக்கை வேறில்லை. துணிப்பையில் மால்ட்டைப் போட்டு ஊறவைப்பவர்கள் பலர், பையைத் தூக்கிச் சொட்டவிட்டு, கை படாமல் அப்படியே குப்பையில் கொட்டுகிறார்கள். பிழியாத மால்ட் கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் சாற்றைப் பிடித்துவைத்துக்கொள்ளும். நன்றாகப் பிழிந்தால் அது பாதியாகக் குறையும். 5 கிலோவுக்குக் கணக்குப் போட்டால் 2 லிட்டருக்கு மேல் திரும்பக் கிடைக்கிறது. அதுவும் நீர்த்த சாறு இல்லை, அண்டாவில் இருக்கும் அதே கெட்டியான சாறு.

துவர்ப்பு உமியில் உள்ள டானினிலிருந்து வருகிறது என்பது சரிதான். ஆனால் அதை வெளியே இழுப்பது கையின் அழுத்தம் அல்ல. பிஎச் அளவு 6-ஐத் தாண்டி, வெப்பமும் 77 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போதுதான் டானின் தாராளமாகக் கரைகிறது. மால்ட் ஊறுவது 65 முதல் 68 டிகிரியில். அப்போது பிஎச் 5.2-க்கும் 5.6-க்கும் இடையில் இருக்கும். ஜெர்மனியிலும் செக் நாட்டிலும் ஒரு பழைய முறை உண்டு. ஊறுகிற மால்ட்டில் ஒரு பகுதியை உமியோடு தனியே எடுத்துக் கொதிக்கவைத்து, திரும்பவும் அதிலேயே கொட்டுவார்கள். உமி கொதித்தும் அந்த பீர் துவர்ப்பதில்லை, பிஎச் தாழ்வாக இருப்பதால். பெரிய ஆலைகளில் இயந்திரங்களே மால்ட் சக்கையை அழுத்திப் பிழிகின்றன.

ஆகவே தயங்காமல் பிழியுங்கள். ஆனால் பை கடும் சூட்டில் இருக்கும், வெறுங்கையால் தொடாதீர்கள். அண்டாவின் மேல் ஒரு கம்பித் தட்டை வைத்து, பையை அதில் இருத்தி, கனமான மூடியால் அழுத்தினால் போதும்.

நம்பிக்கை: சாறு குறைந்தால் சக்கையை இன்னும் கொஞ்சம் வெந்நீர் விட்டு அலசிக்கொள்ளலாம்.

பிழியப் பயப்படுகிறவர்களே இதைத் தாராளமாகச் செய்கிறார்கள் என்பது எனக்கு வருத்தம். துவர்ப்பு உண்மையில் வருகிற வழி இதுதான். அலச அலசச் சர்க்கரை குறைகிறது, பிஎச் ஏறுகிறது, உமி டானினை விடத் தொடங்குகிறது. வழிந்து வரும் சாற்றை ஆறவைத்து ஹைட்ரோமீட்டரில் பாருங்கள். அடர்த்தி 1.010-க்குக் கீழே இறங்கிவிட்டால் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் கிடைப்பது சாறே அல்ல.

நம்பிக்கை: மணிக்கு இத்தனை சதவீதம் ஆவியாகும்.

சதவீதக் கணக்கு இங்கே உதவாது. அடுப்பின் வேகமும் அண்டாவின் வாயும்தான் ஆவியின் அளவைத் தீர்மானிக்கின்றன. அதே அடுப்பில், அதே அண்டாவில் பாதி அளவு சாற்றைக் கொதிக்கவைத்தாலும் மணிக்குப் போவது ஏறக்குறைய அதே 3 அல்லது 4 லிட்டர்தான். தளதளவென்று பொங்கவைக்கத் தேவையில்லை. மேற்பரப்பு மெல்லப் புரண்டுகொண்டிருந்தால் போதும். அதற்காக மூடிபோட்டுக் கொதிக்கவைக்காதீர்கள். வேகவைத்த மக்காச்சோள வாடை தரும் டைமெத்தில் சல்ஃபைடு ஆவியோடு வெளியேறியாக வேண்டும்.

நம்பிக்கை: அடி வண்டல் ஒரு துளிகூட நொதிக்கும் பாத்திரத்துக்குள் போகக் கூடாது.

இந்தப் பயத்தில் அண்டாவின் அடியில் இரண்டு லிட்டர் நல்ல சாற்றை அப்படியே விட்டுவிடுகிறார்கள். வண்டலில் இருக்கும் கொழுப்பும் துத்தநாகமும் ஈஸ்ட்டுக்கு உணவு. கொஞ்சம் உள்ளே போனால் நொதித்தல் சுறுசுறுப்பாகவே நடக்கும். பிறகு ஈஸ்ட்டோடு சேர்ந்து அடியில் இறுகிவிடும். மொத்த வண்டலையும் கொட்டச் சொல்லவில்லை. ஆறியதும், சாற்றில் இறக்கியிருந்த குளிர்விக்கும் சுருளை வெளியே எடுத்துவிட்டு, கரண்டியால் ஒரே திசையில் ஓரிரு நிமிடம் வேகமாகச் சுழற்றி, கால் மணி நேரம் அசைக்காமல் விடுங்கள். வண்டல் நடுவில் குவியும். தேநீர்க் கோப்பையில் இலை நடுவில் சேர்வதும் இதே காரணத்தால்தான். அதை 1926-ல் ஐன்ஸ்டைன் விளக்கியிருக்கிறார். சாற்றை ஓரத்திலிருந்து இறக்குங்கள். சாறு வடியும் உள்குழாயின் வாய் நடுவை நோக்கி வளைந்திருந்தால், சுவர்ப்பக்கம் திருப்பிவிடுங்கள்.

நம்பிக்கை: நல்ல கருவி வாங்கினால் இழப்பு தானே குறையும்.

குறையலாம், கூடவும் செய்யலாம். தட்டுக் குளிர்விப்பான், பம்பு, நீள ரப்பர் குழாய் ஒவ்வொன்றும் தன் வயிற்றுக்குள் கொஞ்சம் சாற்றை வைத்துக்கொள்ளும். வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். அண்டாவில் 5 லிட்டர் தண்ணீரை அளந்து ஊற்றி, குழாயைத் திறந்து, தானாக வடிவது நிற்கும்வரை விடுங்கள். வடிந்ததை அளந்தால் அடியில் தங்குவது எவ்வளவு என்று தெரிந்துவிடும். பிறகு அண்டாவின் பின்பக்கம் ஒரு மரத்துண்டை வைத்துச் சற்றே சாய்த்து, இன்னொரு முறை அளந்து பாருங்கள். செலவே இல்லாமல் எத்தனை மில்லி மிச்சமாகிறது என்பதை நோட்டில் எழுதிக்கொண்டு, கருவி தேவையா என்று அதன்பிறகு முடிவு செய்யுங்கள்.