வலியோடு வருபவரை ஸ்கேன் செய்யும் முன்

சினைப்பையில் உள்ள எண்டோமெட்ரியோசிஸையும், குடல்வரை ஆழமாக ஊடுருவிய எண்டோமெட்ரியோசிஸையும் கத்தி வைக்காமலே, பிறப்புறுப்பு வழியாகப் பார்க்கும் டிவிஎஸ் ஸ்கேனில் கண்டுபிடிக்கலாம். சாதாரண மெஷினே போதும். தேடத் தெரிந்த கைதான் வேண்டும். இப்போதுதான் ப்ரோபைக் கையில் எடுத்திருக்கும் இளம் மருத்துவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. முதலில் கேளுங்கள். மாதவிலக்கு நாட்களில் வேலைக்கோ கல்லூரிக்கோ போக முடிகிறதா? மலம் கழிக்கும்போது வலிக்கிறதா? உறவின்போது? குழந்தைக்காக எவ்வளவு காலமாகக் காத்திருக்கிறார்? இனப்பெருக்க வயதுப் பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு இந்த நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. “எல்லாப் பொம்பளைங்களுக்கும் வர்றதுதானே” என்று கேட்டுக் கேட்டே பல வருடங்களைக் கழித்துவிட்டு உங்கள் முன் படுத்திருப்பவர் அவர். அவர் சொல்லும் பதில்தான் எங்கே தேட வேண்டும் என்று உங்களுக்குக் காட்டும்.

2. முறையாகப் பாருங்கள். ஐடியா என்ற சர்வதேச வல்லுநர் குழு 2016-ல் நான்கு படிகளை வகுத்தது: கர்ப்பப்பையும் சினைப்பைகளும், தொட்டால் வலிக்கும் இடமும் சினைப்பையின் அசைவும், கர்ப்பப்பைக்குப் பின்னால் உள்ள டக்ளஸ் குழி, கடைசியாக, முன்னும் பின்னும் ஆழத்தில் உள்ள முடிச்சுகள். வரிசை மாறலாம், ஒரு படியும் விடுபடக் கூடாது.

3. சினைப்பை எண்டோமெட்ரியோசிஸான சாக்லேட் சிஸ்ட் தெரிந்ததும் ப்ரோபை எடுத்துவிடாதீர்கள். தேய்த்த கண்ணாடி போல ஒரே சீரான சாம்பல் நிறத்தில் அது தெரியும். அது இருந்தாலே வேறிடத்திலும் ஆழமான நோய் இருக்கலாம் என்று பொருள். இரண்டு சினைப்பைகளும் கர்ப்பப்பைக்குப் பின்னால் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் இன்னும் கவனமாகத் தேடுங்கள். ரத்தம் கட்டிய சாதாரண நீர்க்கட்டியும் இப்படித் தோன்றும். சந்தேகமாக இருந்தால் சில வாரம் கழித்து மறுபடி பாருங்கள், அதுவானால் கரைந்திருக்கும்.

4. உறுப்புகளை அசைத்துப் பாருங்கள். இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும்தான் கற்றுக்கொள்ள நேரம் என்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். ப்ரோபால் கர்ப்பப்பை வாயை மெல்ல அழுத்துங்கள். மலக்குடலின் முன்சுவர் கர்ப்பப்பை வாயின் பின்புறத்தில் வழுக்கிக்கொண்டு நகர வேண்டும். பிறகு இன்னொரு கையை அடிவயிற்றில் வைத்து, கர்ப்பப்பையின் மேல்பகுதி குடல்மேல் வழுக்குகிறதா என்று பாருங்கள். வழுக்காமல் இரண்டும் சேர்ந்தே நகர்ந்தால் டக்ளஸ் குழி ஒட்டி அடைபட்டிருக்கிறது. குடலில் முடிச்சு இருக்கும் வாய்ப்பும் அதிகம். அசையாத படத்தில் இது ஒருபோதும் தெரியாது. வீடியோவாகச் சேமித்து வையுங்கள், அறுவை செய்யப்போகிறவர் பார்க்கட்டும்.

5. “இங்கதான் டாக்டர், இங்கதான்” என்று அவர் சொல்லும் இடத்தில் நில்லுங்கள். ப்ரோபின் முனை உங்கள் விரலைப் போலத்தான். கர்ப்பப்பைக்குப் பின்னால் உள்ள தசைநார்களில் சின்ன முடிச்சு பல நேரம் அந்த இடத்தில்தான் கிடைக்கும். நிறுத்தச் சொன்னால் உடனே நிறுத்துங்கள்.

6. குடலில் முடிச்சு என்பது குடற்சுவரின் தசைப்படலம் தடித்துக் கருமையாகத் தெரிவது. மூன்று பக்கமும் அளந்து எழுதுங்கள். ஆசனவாயிலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் எழுதுங்கள். குடல் அறுவை நிபுணர் உடன் வேண்டுமா என்று முன்கூட்டியே முடிவெடுக்க இந்த அளவுகள் வேண்டும். மூத்திரப்பையைப் பார்க்க அதில் கொஞ்சம் சிறுநீர் இருப்பது நல்லது.

7. ஆழமான நோய் தெரிந்தால் வயிற்றின்மேல் ப்ரோபை வைத்து இரண்டு கிட்னியையும் பாருங்கள். சிறுநீர்க் குழாய் நெருக்கப்பட்டு, வலியே இல்லாமல் கிட்னி வீணாகிவிடலாம்.

8. கல்யாணமாகாத பெண்களின் விஷயம் நம் ஊரில் பெரிய சிக்கல். பிறப்புறுப்பு வழியாகப் பார்க்கத் தயக்கம் இருப்பதால் வயிற்றின்மேல் மட்டும் பார்த்துவிட்டு “ஒன்றும் இல்லை” என்று அனுப்பிவிடுகிறார்கள். மேலிருந்து பார்த்தால் பெரிய கட்டி தெரியும், ஆழத்தில் உள்ள முடிச்சு பெரும்பாலும் தெரியாது. அந்தப் பெண்ணிடம் தனியாக, புரியும்படி பேசுங்கள். சம்மதித்தால் மலக்குடல் வழியாகவும் நன்றாகப் பார்க்க முடியும். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள், எம்ஆர்ஐ இருக்கிறது. எந்த வழியில் பார்த்தீர்கள் என்பதை ரிப்போர்ட்டில் மறைக்காதீர்கள்.

9. வயிற்று உறையின் மேல்பரப்பில் படரும் மெல்லிய நோயை ஸ்கேன் நம்பும்படி காட்டாது. 2022-ல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல், நோயை உறுதிசெய்ய எல்லோருக்கும் லேப்ராஸ்கோப்பி வேண்டும் என்ற பழைய நிலையைக் கைவிட்டது. ஸ்கேனில் எதுவும் தெரியாதவர்களுக்கும், மருந்து பலன் தராதவர்களுக்கும், மருந்து பொருந்தாதவர்களுக்கும் மட்டும் அதை வைத்துக்கொள்ளச் சொன்னது. ஆகவே சினைப்பையும் குடலும் தெளிவாக இருந்தாலும் “நார்மல்” என்ற ஒற்றைச் சொல்லோடு அந்தப் பெண்ணை அனுப்பாதீர்கள். “ஆழமான நோய் தென்படவில்லை, மேல்பரப்பு எண்டோமெட்ரியோசிஸை இந்த ஸ்கேனால் மறுக்க முடியாது, வலிக்கான சிகிச்சை தொடரட்டும்” என்று முழுதாக எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.