டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா: கரையில் கேட்கும் பேச்சும் கடலில் நடப்பதும்

ஃபோர் ஸ்ட்ரோக் இஞ்சினைப் பற்றித் திருவொற்றியூர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1955இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா கம்பெனியின் புல்லட் அந்த ஊரில்தான் உருவானது. அதன் 'டப் டப்' சத்தம் ஃபோர் ஸ்ட்ரோக்கின் சத்தம். இன்னும் வடக்கே போனால் எண்ணூரில் அசோக் லேலண்ட். அங்கே செய்த லாரிகளின் டீசல் இஞ்சினும் ஃபோர் ஸ்ட்ரோக்தான். மூன்று தலைமுறையாக இந்த இஞ்சினைச் செய்தும் பிரித்தும் சம்பாதித்த குடும்பங்கள் வடசென்னையில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன.

ஆனால் அதே வடசென்னையில், ராயபுரம் காசிமேட்டில், பைபர் போட்டுக்கு ஒரு அவுட்போர்டு மோட்டார் வாங்கப்போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். "டூ ஸ்ட்ரோக்கையே எடுண்ணே, ஃபோர் ஸ்ட்ரோக் நம்ம கடலுக்கு ஆவாது" என்று பத்தில் எட்டுப் பேர் சொல்வார்கள். ஏன் ஆகாது என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் வரும். அந்தக் காரணங்களில் சில பொய், சில பாதி உண்மை. ஒன்றிரண்டு முழு உண்மை. மோட்டார் வாங்குவது பலருக்கு நகையை அடகு வைத்துச் செய்கிற காரியம் என்பதால், இவற்றைப் பிரித்துப் பார்த்தே தீர வேண்டும்.

"ஃபோர் ஸ்ட்ரோக் நம்ம கடலுக்குப் புதுசு"

புதிதே அல்ல. கட்டுமரம் போய் பைபர் போட்டு வந்த காலத்திலிருந்து, அதிலும் 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்த படகுகளில், நீளத் தண்டு வைத்த சின்ன டீசல் இஞ்சின்கள் நம் கரையெங்கும் ஓடுகின்றன. அவற்றில் பெயர் பெற்றது கிரீவ்ஸ் லம்பார்டினி. ஒற்றை சிலிண்டர், காற்றால் குளிரும் ரகம், ஃபோர் ஸ்ட்ரோக். வால்வு உண்டு, டாப்பெட் உண்டு, அடியில் இஞ்சின் ஆயில் உண்டு. உப்புக்காற்றில், மணலில், அலையில் இத்தனை ஆண்டுகளாக ஓடி மீன் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது.

ஆகவே "ஃபோர் ஸ்ட்ரோக்" என்ற சொல்லைக் கேட்டதும் வருகிற பயத்துக்கு அடிப்படை இல்லை. பயப்படுகிறவரின் பழைய போட்டிலேயே அது ஓடிக்கொண்டிருந்திருக்கும். "ரிப்பேர் பண்ண ஆளில்லை" என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். டீசல் இஞ்சினுக்கு டாப்பெட் இடைவெளி வைக்கத் தெரிந்த மெக்கானிக்குக்குக் கார்புரேட்டர் வைத்த சின்ன பெட்ரோல் ஃபோர் ஸ்ட்ரோக் புரியாத பொருள் அல்ல. எலக்ட்ரானிக் இஞ்செக்‌ஷன் வந்த மாடல்களுக்கு மட்டும் அந்த வார்த்தை பொருந்தும். அதற்குக் கம்பெனி சர்வீஸும், உதிரிப் பாகம் வைத்திருக்கும் கடையும் பக்கத்தில் இருக்கிறதா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

"டூ ஸ்ட்ரோக்னா ரெட்டிப்புப் பவர்"

இந்த நம்பிக்கைக்கு ஒரு கணக்கு உண்டு. டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் சுற்றுக்கு ஒருமுறை வெடிப்பு. ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை. இரண்டு மடங்கு வெடிப்பு என்றால் இரண்டு மடங்கு வலு என்று மனசு கூட்டிக்கொள்கிறது. நடப்பது வேறு. டூ ஸ்ட்ரோக் சிலிண்டரில் பழைய புகை வெளியே போகும்போதே புதுக் கலவை உள்ளே வருகிறது. புகை முழுக்கப் போவதில்லை. புதுக் கலவையில் ஒரு பங்கு புகையோடு சேர்ந்து எரியாமலே வெளியேறிவிடுகிறது. அதனால் ஒரே அளவு சிலிண்டரில் டூ ஸ்ட்ரோக்குக்கு வலு கூடுதல்தான், ஆனால் இரட்டிப்பு இல்லை.

மேலும் நாம் சிலிண்டர் அளவைப் பார்த்து வாங்குவதில்லை, குதிரைத்திறனைப் பார்த்து வாங்குகிறோம். இன்று அவுட்போர்டு மோட்டாரின் குதிரைத்திறனை அளப்பது பிரபெல்லர் தண்டில். 9.9 என்று எழுதியிருந்தால், எந்த ஸ்ட்ரோக்காக இருந்தாலும் 9.9தான்.

பிறகு ஏன் டூ ஸ்ட்ரோக் 'சுருக்'கென்று கிளம்புகிறது? எடை குறைவு, ஆக்ஸிலரேட்டரைத் திருப்பியதும் வேகமாகச் சுழற்சி ஏறுகிறது. ஆளில்லாத படகில் அது தெரியும். வலை, ஐஸ் பெட்டி, நாலு ஆள், வரும்போது மீன் என்று பாரம் ஏற்றிய படகில் அந்தச் சுருக்குக்கு வேலை குறைவு. அங்கே பிரபெல்லரின் பிட்ச் சரியாக இருக்கிறதா என்பதுதான் பெரிய கேள்வி. பாரப் படகுக்கு வேகப் படகின் பிரபெல்லரை மாட்டி, இஞ்சின் திணறுவதைப் பார்த்து ஸ்ட்ரோக்கைத் திட்டுகிறவர்கள் உண்டு.

"எண்ணெய் ஒரு மூடி சேர்த்து ஊத்து, மோட்டாருக்கு நல்லது"

டூ ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்களிடம் நான் கேட்டதிலேயே அதிகச் சேதம் செய்கிற பேச்சு இதுதான். பெரும்பாலான அவுட்போர்டுகளுக்குக் கணக்கு 50க்கு 1. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி. புது மோட்டார் பழகும் காலத்தில் அதைவிடக் கூடுதல். கம்பெனிப் புத்தகம் என்ன சொல்கிறதோ அதுதான் அளவு. கூடுதலாக ஊற்றும் எண்ணெய் பிளக்கில் கரியாகிறது, ரிங்கைப் பிடிக்க வைக்கிறது. இன்னொன்றும் நடக்கிறது. எண்ணெய் கூடினால் அந்த அளவுக்குப் பெட்ரோல் குறைகிறது, கலவை மெலிகிறது, மெலிந்த கலவை சூட்டைக் கூட்டுகிறது. பிஸ்டனைக் காக்க ஊற்றிய ஒரு மூடி, பிஸ்டனுக்கே எதிரியாகிவிடுகிறது. எண்ணெய்க்கு ஓர் அளவுக் குவளை வாங்க 50 ரூபாய்கூட ஆகாது.

"டூ ஸ்ட்ரோக் எந்தப் பெட்ரோலையும் குடிக்கும்"

ஒரு காலத்தில் குடித்தது. இப்போது நம் பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பெரிய அவுட்போர்டு கம்பெனிகள் பொதுவாக 10 சதவீதம் வரைதான் ஒப்புக்கொள்கின்றன. எத்தனால் ஈரத்தை இழுக்கும். கடற்கரையில் பாதி காலி டேங்க்கை இரண்டு வாரம் வைத்தால் ஈரம் சேர்ந்து, எத்தனாலும் தண்ணீரும் ஒன்றாகி அடியில் தனி அடுக்காகப் பிரிந்துவிடலாம். 2டி எனும் டூ ஸ்ட்ரோக் எண்ணெய் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். டேங்க்கின் குழாய் இழுப்பதோ அடியிலிருந்து. எண்ணெயே இல்லாத திரவம் மோட்டாருக்குள் போனால் டூ ஸ்ட்ரோக்குக்கு வேறு மசகு கிடையாது; பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஃபோர் ஸ்ட்ரோக்குக்கும் இந்தப் பெட்ரோல் நல்லதல்ல, திணறி நிற்கும், கார்புரேட்டர் கெடும். ஆனால் அதன் மசகு எண்ணெய் தனியாக அடியில் இருக்கிறது. புது எத்தனால் பெட்ரோல் விஷயத்தில் ஆபத்து கூடுதல் டூ ஸ்ட்ரோக்குக்குத்தான். தொழில் இல்லாத நாட்களில் டேங்க்கை நிரப்பி வையுங்கள், அல்லது முழுக்கக் காலி செய்துவிடுங்கள். நீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்றும் போட்டுவிடுங்கள்.

கிருஷ்ணாயில் கதை தனி. மண்ணெண்ணெயில் ஓடவென்றே செய்த டூ ஸ்ட்ரோக் மோட்டார்கள் உண்டு. பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்தும் முன் மறுபடி பெட்ரோலுக்கு வர வேண்டும். மண்ணெண்ணெய் எளிதில் தட்டும் எரிபொருள் என்பதால் அந்த மோட்டாரில் அழுத்த விகிதத்தைக் குறைத்திருப்பார்கள். அதனால் அதே வேலைக்குக் கூடுதல் எரிபொருள் போகும். மானிய விலையில் கிடைக்கும் வரைதான் அது மலிவு. சாதாரணப் பெட்ரோல் ஃபோர் ஸ்ட்ரோக்கில் மண்ணெண்ணெயைக் கலந்து ஓட்டுவது மட்டும் கூடவே கூடாது. ஆவியாகாத மண்ணெண்ணெய் ரிங்கைத் தாண்டி இறங்கி அடியிலிருக்கும் ஆயிலைத் தண்ணீராக்கும், பேரிங் போகும். அப்படிக் கெட்ட மோட்டாரைக் காட்டித்தான் "பாத்தியா, ஃபோர் ஸ்ட்ரோக் தாங்காது" என்று சொல்கிறார்கள்.

"ஃபோர் ஸ்ட்ரோக் வாங்கினா பெட்ரோல் மிச்சம், ரெண்டு வருஷத்துல காசு திரும்பிடும்"

இது கடைக்காரர் தரப்பு நம்பிக்கை. இதையும் அப்படியே விழுங்க வேண்டாம். கார்புரேட்டர் வைத்த 9.9 டூ ஸ்ட்ரோக் முழு வேகத்தில் மணிக்கு நாலு லிட்டருக்கு மேல் குடிக்கும். அதே திறனில் ஃபோர் ஸ்ட்ரோக் மூன்று, மூன்றரை லிட்டரில் முடித்துவிடும். மெதுவாக ஓட்டும்போது வித்தியாசம் இன்னும் விரியும். குறைந்த சுழற்சியில் டூ ஸ்ட்ரோக் எரிக்காமலே தள்ளும் பெட்ரோல் அதிகம்.

மணிக்கு ஒரு லிட்டர் மிச்சம் என்றே வைத்துக்கொள்வோம். நாளுக்கு நாலு மணி நேரம் இஞ்சின் ஓட்டி, மாதம் இருபது நாள் தொழிலுக்குப் போகிறவருக்கு 80 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் மாதம் 8,000. கூடவே 2டி எண்ணெய்ச் செலவும் மிச்சம். இவருக்கு ஃபோர் ஸ்ட்ரோக் நிச்சயம் காசைத் திருப்பித் தரும். எண்ணூர் முகத்துவாரத்தில் அரை மணி ஓட்டி, எறா வலை போட்டுத் திரும்புகிறவருக்கு மாதம் பத்து மணி நேரம் ஓடினால் பெரிது. மிச்சம் ஆயிரம் ரூபாய். அவர் ஃபோர் ஸ்ட்ரோக்கின் கூடுதல் விலையைப் பிடிக்க நாலைந்து வருடம் ஆனாலும் ஆகும்.

வரி விலக்கு டீசலையும் மறக்கக் கூடாது. இயந்திரம் பொருத்திய நாட்டுப்படகுகளுக்கு ஆண்டுக்கு 4,000 லிட்டராக இருந்ததை 4,400 ஆக்குவதாக 2023 ஆகஸ்டில் மண்டபம் மாநாட்டில் முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தார். அந்த டீசலை முழுக்கப் பயன்படுத்துகிற ஒருவர், பெட்ரோல் மோட்டாருக்கு மாறும் முன் இரண்டு முறை கணக்குப் போட வேண்டும்.

"ஆலைக்காரன் ஊத்துறதுக்கு முன்னாடி என் மோட்டாரு எம்மாத்திரம்?"

இந்தக் கேள்வியில் இருக்கும் கோபம் நியாயமானது. 2017 ஜனவரி 28 அன்று காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. கருப்பு எண்ணெய் கரை முழுக்க அப்பியது. மனிதர்கள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக வந்த எண்ணெய் எண்ணூர் கழிமுகத்தில் படர்ந்தது. காட்டுக்குப்பம் படகுகளும் வலைகளும் கருத்துப் போயின. அந்த அளவோடு ஒரு 9.9 மோட்டாரை ஒப்பிடவே முடியாது. ஒப்பிட்டு, பழியை மீனவர் தலையில் போடுகிறவர்களை நான் ஏற்கமாட்டேன்.

ஆனாலும் உண்மை உண்மைதான். பழைய ரக டூ ஸ்ட்ரோக் தான் குடிப்பதில் ஏறத்தாழ கால் பங்கை, எண்ணெயோடு சேர்த்து, எரியாமல் தண்ணீரில் விடுகிறது. அமெரிக்காவின் டாஹோ ஏரியில் 1999இல் இந்த ரகத்தைத் தடை செய்ததற்கு அதுவே காரணம். திறந்த கடலில் அது கரைந்துவிடும். ஓட்டம் குறைந்த, ஆழம் குறைந்த கழியில், எறாக்குஞ்சும் நண்டுக்குஞ்சும் வளர்கிற இடத்தில், அது நம் அடுத்த மாதத்துப் பாட்டைத் தொடுகிறது. கழிக்குள்ளேயே மணிக்கணக்கில் ஓட்டுகிறவருக்கு ஃபோர் ஸ்ட்ரோக்கைப் பரிந்துரைக்க எனக்கிருக்கும் பெரிய காரணம் இது.

அதே கழியில் இன்னொரு தொல்லை. அனல்மின் நிலையச் சாம்பல் குழாய் உடைப்புகளால் கொசஸ்தலை ஆற்று அடியில் படிந்த சாம்பல், கண்ணாடித் துகள் போன்ற கடினமான பொருள். தண்ணீரால் குளிரும் அவுட்போர்டு எதுவானாலும் அதை உறிஞ்சும். ரப்பர் இம்பெல்லர் தேயும், குளிர்நீர்ப் பாதை அடைக்கும். இதில் டூ, ஃபோர் என்ற பேதம் இல்லை. பின்னால் பீய்ச்சும் தண்ணீர் மெலிந்தால் உடனே நிறுத்துங்கள். வீடு வந்ததும் நல்ல தண்ணீரில் ஓட்டிக் கழுவுங்கள். இம்பெல்லரை வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். காற்றால் குளிரும் நீளத் தண்டு டீசல் இந்த ஒரு விஷயத்தில் எல்லோரையும் ஜெயிக்கிறது.

"முங்கினா டூ ஸ்ட்ரோக்தான் பொழைக்கும்"

உண்மை. அலைவாயில் படகு கவிழ்ந்து மோட்டார் தண்ணீர் குடித்தால், டூ ஸ்ட்ரோக்கில் பிளக்கைக் கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவி, வடித்து, எண்ணெய் விட்டு, அன்றைக்கே கிளப்பிவிடலாம். ஃபோர் ஸ்ட்ரோக்கில் அடி ஆயிலில் உப்புநீர் கலந்திருக்கும்; இரண்டு மூன்று முறை ஆயில் மாற்றி ஓட்டினால்தான் நம்பலாம். தரையில் சாய்த்து வைப்பதற்கும் புத்தகத்தில் ஒரு பக்கம் குறித்திருப்பார்கள். மறுபக்கம் படுக்க வைத்தால் ஆயில் சிலிண்டருக்குள் இறங்கும்.

எடையும் உண்மையான காரணம்தான், நம் கரையில் இன்னும் கூடுதலாக. சென்னைத் துறைமுகம் வந்த நாள் முதல் தெற்கே மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம் தொடங்கி மணல் கரைந்தது. இப்போது மணலுக்குப் பதில் கருங்கல் கொட்டிய கரை. மணலில் இழுத்துவிடக்கூடிய மோட்டாரை அந்தக் கல்லில் தோளில் தூக்கித்தான் ஏற வேண்டும். 15 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் ஏறத்தாழ 37 கிலோ, ஃபோர் ஸ்ட்ரோக் 50ஐத் தொடும். காசிமேட்டிலோ திருவொற்றியூர் குப்பத்துப் புதுத் துறைமுகத்திலோ படகைக் கட்டி வைக்கிறவருக்கு இது ஒரு பொருட்டல்ல. கல்கரைக்காரருக்கு இது முதுகுப் பிரச்சினை. அவர் முன்பணம் கொடுப்பதற்கு முன், 26 கிலோ அரிசிச் சிப்பம் இரண்டைச் சேர்த்துக் கட்டி, கூட வருகிற ஆளோடு தன் குப்பத்துக் கல்லில், விடியற்கால இருட்டில், ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்க்கட்டும்.