பழகிய கைக்கு வரும் துணிவு

என் அருமைப் பேத்திக்குத் தாத்தா அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொண்டது.  

உன் கடிதம் கிடைத்தது. நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து கிடந்த ஒருவரைச் சூழ்ந்து கூட்டம் நின்றதையும், நீ 108-க்குச் சொல்லிவிட்டு, வண்டி வரும்வரையில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததையும் விவரித்துவிட்டு, 'போன் செய்ததைத் தவிர நான் வேறொன்றும் செய்யவில்லை; பிறர் உயிரைக் காப்பாற்றுகிறவர்கள் பிறவியிலேயே வேறு வார்ப்பு போலும்' என்று முடித்திருக்கிறாய். முன்பாதியைப் படித்துச் சந்தோஷப்பட்டேன். பின்பாதியை என்னால் ஒப்புக்கொள்ள இயலவில்லை. தீயணைப்பு நிலையத்தில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், ஆபத்து வேளையில் மனிதர்கள் நடந்துகொள்ளும் விதத்தைக் குறித்து நான் அறிந்தவற்றை எழுதினால் உனக்குப் பிரயோஜனப்படும் என்று தோன்றுகிறது. கடிதம் நீண்டுவிடும், பொறுமையாகப் படி.

தைரியம் என்பது ஆபத்து நேர்ந்த க்ஷணத்தில் எங்கிருந்தோ வந்து ஒரு சிலரை மட்டும் ஆட்கொள்ளும் ஆவேசம் என்று கதைகளும் சினிமாவும் நமக்குச் சொல்லி வைத்திருக்கின்றன. நான் கண்டதும் கேட்டதும் அப்படியல்ல. பிறர் உயிரைக் காத்தவர்களுள் பெரும்பாலோர், அன்றாடம் தாம் செய்து பழகிய ஒரு தொழிலையோ, எப்போதோ கற்று வைத்திருந்த ஒரு சிறு வித்தையையோ, கைக்கெட்டிய ஒரு சாதாரணப் பொருளையோ, அது வேண்டியிருந்த இடத்தில், வேண்டியிருந்த நிமிஷத்தில், தயங்காமல் உபயோகித்தவர்கள், அவ்வளவே.

2020-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் பெரம்பலூர் மாவட்டத்துக் கொட்டரையில், மருதையாற்று நீர்த்தேக்கத்தில் நடந்ததை நினைத்துப் பார். துணி துவைக்க வந்திருந்த கிராமத்துப் பெண்கள் மூவர் கரையில் இருந்தார்கள். கிரிக்கெட் ஆட வந்த இளைஞர்கள் சிலர் குளிப்பதற்காக அங்கே வந்தார்கள். அவர்களில் நால்வர் ஆழத்தில் அகப்பட்டுத் தத்தளித்தபோது, அந்த மூன்று பெண்களும் தாம் உடுத்தியிருந்த சேலைகளை அவிழ்த்து நீரில் வீசி, பற்றிக்கொண்ட இருவரைக் கரைசேர்த்துவிட்டார்கள். மற்ற இருவர் மூழ்கிப் போனார்கள். அவ்வாண்டுச் சுதந்தர தினத்தில் தமிழக அரசு அம்மூவருக்கும் கல்பனா சாவ்லா விருது அளித்துக் கௌரவித்தது. பெண்ணின் மானத்தைச் சேலையோடு சேர்த்து முடிந்து வைத்திருக்கும் ஒரு சமூகத்தில், அந்நிய ஆடவர் முன்னிலையில் அவர்கள் அப்படிச் செய்தது பெரிய தியாகம் என்று ஊரெல்லாம் புகழ்ந்தது, புகழ வேண்டியதுதான். ஆனால் என் போன்ற பழைய தீயணைப்பு வீரன் கண்ணுக்கு, அவர்கள் விட்ட நாணத்தைக் காட்டிலும், விடாத விவேகமே பெரிதாகத் தெரிகிறது. அவர்கள் கையை நீட்டவில்லை; சேலையை நீட்டினார்கள்.

அதன் அருமை உனக்கு விளங்க வேண்டுமானால், நீரில் மூழ்குகிறவரின் நிலை தெரிந்திருக்க வேண்டும். அவர் கையை உயர்த்தி ஆட்டிக் கூச்சலிடுவார் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அமெரிக்காவில் கடற்கரை உயிர்க்காவலராக இருந்த பிராங்க் பியா என்பவர், உண்மையாக மூழ்கிக்கொண்டிருந்தவர்களைப் படம் பிடித்து ஆராய்ந்து, அவர்கள் பெரும்பாலும் சத்தமே போடுவதில்லை என்று காட்டினார். மூச்சு வாங்கவே வாய் போதாதபோது குரலுக்கு இடமேது? கைகள் இரண்டும் தம்மிச்சையாகப் பக்கவாட்டில் நீரை அழுத்திக்கொண்டிருக்கும். இருபது விநாடியிலிருந்து ஒரு நிமிஷத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். அந்த நிலையில் கைக்கு அகப்பட்டது எதுவோ, அது காப்பாற்ற வந்தவருடைய கழுத்தே ஆனாலும், அதைப் பற்றி அதன்மேல் ஏறத்தான் அவர் முயலுவார். ஆகையால் முதலில் கழியையோ துணியையோ நீட்டு. எட்டாவிட்டால் கயிற்றையோ, மிதக்கும் காலிக் குடத்தையோ வீசு. நீரில் இறங்குவதைப் பயிற்சி பெற்றவர்களுக்கு விட்டுவிடு.

விவேகமில்லாத துணிவு எவ்வளவு கொடியது என்பதற்கு நம் நாட்டுக் கிணறுகளும் கழிவுநீர்த் தொட்டிகளுமே சாட்சி. உள்ளே இறங்கிய ஒருவர் விஷவாயு தாக்கிச் சாய்கிறார். அவரைத் தூக்க அண்ணன் இறங்குகிறார். அண்ணனைத் தூக்கப் பக்கத்து வீட்டுக்காரர் இறங்குகிறார். ஒரு பிரேதத்தை எடுக்க வேண்டிய இடத்தில் மூன்றை எடுக்கிறோம். ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயு அழுகிய முட்டை நாற்றம் உடையதுதான்; ஆனால் அளவு மிகுந்தால் முகரும் சக்தியையே முதலில் அழித்துவிடும்; நாற்றம் இல்லை என்று நம்பியவர் அத்தோடு முடிந்தார். எரியும் விளக்கைக் கயிற்றில் இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கம் பிராணவாயுக் குறைவைத்தான் காட்டும். இந்த விஷத்தைக் காட்டாது. மீத்தேன் இருந்தாலோ தீப்பற்றும். இப்படிப்பட்ட இடத்தில் மேலே நின்று பிறரை இறங்கவிடாமல் தடுத்து, தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லியனுப்புகிறவரைக் கோழை என்று ஊர் ஏசலாம். அந்த ஏச்சைத் தாங்கிக்கொள்வதும் ஒரு தைரியமே.

இனி, பழக்கத்தின் மகிமையைக் காட்ட வேறொரு தேசத்துக் கதை. இங்கிலாந்தின் வடகிழக்குக் கரைக்கப்பால் பார்ன் தீவுகள் என்னும் பாறைக்கூட்டம் இருக்கிறது. அங்கே லாங்ஸ்டோன் கலங்கரை விளக்கத்தைப் பராமரித்து வந்தவர் வில்லியம் டார்லிங். அவருடைய மகள் கிரேஸ். 1838-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் தேதி, புயலில் ஃபார்ஃபர்ஷயர் என்னும் நீராவிக் கப்பல் பாறையில் மோதிப் பிளந்ததை, விடியலுக்கு முன்னே ஜன்னல் வழியாகக் கண்டவள் 22 வயதான அந்தப் பெண்தான். தகப்பனும் மகளுமாக ஒரு சிறு துடுப்புப் படகில், காற்றின் மறைவு பார்த்துச் சுற்றுவழியாக ஏறக்குறைய ஒரு மைல் தூரம் வலித்துப் போனார்கள். தகப்பன் பாறைமேல் தாவியிறங்கிப் பிழைத்திருந்தவர்களைத் திரட்டுகிற வரையில், படகு பாறையில் மோதிச் சிதறாதபடி, இரண்டு துடுப்புகளையும் தனியே பிடித்து அதை ஸ்திரமாக நிறுத்தியிருந்தவள் கிரேஸ். முதல் நடையில் ஐவர், தகப்பன் மறுபடி போய்வந்ததில் நால்வர், ஆக ஒன்பது உயிர் மீண்டது. இதைக் கேட்கிறவர்கள் அவளுடைய நெஞ்சுறுதியை வியக்கிறார்கள். நான் வியப்பது அவளுடைய கைகளை. அவள் சிறுவயது முதல் அந்தத் தீவுகளிலேயே வளர்ந்தவள்; அப்படிக் கடலையும் படகையும் பழகியிராத ஒரு பெண், அதே நெஞ்சுறுதியோடு அன்று புறப்பட்டிருந்தால், பாறையில் கிடந்தவர்களோடு இன்னும் இருவர் சேர்ந்திருப்பார்கள்.

2018-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்து வெள்ளத்தில் கேரளத்தில் நடந்ததும் இதற்கு ஒத்ததே. கடலோரத்து மீனவர்கள் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்குப் போனார்கள். கடலில் நீரோட்டத்தை அறிந்த அந்தக் கண்களைக் கொண்டு, மூழ்கிய மதிற்சுவர்களுக்கும் மின்கம்பிகளுக்கும் இடையே வழி கண்டு, மாடிகளில் தவித்திருந்த ஆயிரக்கணக்கானவர்களை மீட்டார்கள். தானூர் மீனவர் ஒருவர் தண்ணீரில் முழந்தாளிட்டுக் குனிந்து, பெண்கள் படகிலேற முதுகையே படியாகக் கொடுத்தார். அம்மாநில முதலமைச்சர் மீனவர்களைக் கேரளத்தின் சொந்தச் சேனை என்று போற்றினார். அரசு அறிவித்த தொகையை வேண்டாமென்று மறுத்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். தொழிலுக்காகக் கற்ற வித்தை தர்மத்துக்கும் உதவும் என்பதை அதைவிடத் தெளிவாக வேறெவரும் காட்டியதில்லை.

இனி, உன்னை வருத்திய அந்தக் கூட்டத்துக்கு வருகிறேன். அவர்கள் இரக்கமற்றவர்கள் என்று எண்ணிவிடாதே. 1968-ஆம் ஆண்டில் டார்லி, லதானே என்னும் இரு மனோதத்துவ அறிஞர்கள் நியூயார்க்கில் மாணவர்களைத் தனித்தனி அறைகளில் இருத்தி, காதில் மாட்டும் ஒலிக்கருவி வழியாகப் பேச்சைக் கேட்கச் செய்து, இடையிலே ஒருவருக்கு வலிப்பு வந்துவிட்டதுபோன்ற குரலைக் கேட்கவிட்டார்கள். கேட்பது தான் ஒருவன்தான் என்று நம்பியவர்களில் நூற்றுக்கு 85 பேர் வலிப்பு ஓயுமுன் உதவி தேடி எழுந்தார்கள். இன்னும் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்பியவர்களில் 31 பேரே எழுந்தார்கள். ஆள் பெருகப் பெருகப் பொறுப்பு பங்கு போடப்பட்டு, ஒருவர் கையிலும் ஒன்றுமில்லாமல் போய்விடுகிறது. இந்த மயக்கத்தைக் கலைக்க வழி ஒன்று உண்டு. 'யாராவது வாருங்கள்' என்று பொதுவாகக் கூவாதே. 'நீலச் சட்டை அண்ணா, நீங்கள் வண்டிகளை நிறுத்துங்கள். அக்கா, நீங்கள் 108-க்குப் பேசுங்கள்' என்று ஆளைச் சுட்டி வேலையைக் கொடு. அதுவரை மரம்போல் நின்றவர் உடனே மனிதராவார். அன்று முதலில் போனை எடுத்து நீ செய்ததும் இந்த மயக்கத்தை உடைத்ததுதான். அதை ஒன்றுமில்லை என்று சொல்லாதே.

கூட்டத்தைத் தடுத்திருக்கக்கூடிய மற்றொன்று, போலீஸ், கோர்ட்டு என்று அலைய வேண்டிவருமே என்ற பயம். அதற்கு இப்போது ஆதாரமில்லை. விபத்தில் உதவுகிறவர்களைப் பாதுகாக்கும் நெறிமுறைகளுக்கு 2016-ஆம் ஆண்டு மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சட்டபலம் கொடுத்தது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே அது இடம் பெற்றுவிட்டது. நல்லெண்ணத்தோடு உதவியவர் தம் பெயரைச் சொல்ல வேண்டுமென்று எவரும் நிர்ப்பந்திக்க முடியாது. இதை உன் சிநேகிதிகளுக்கும் சொல்.

கற்றுக்கொள்ள வேண்டியவை அதிகமில்லை. இரத்தம் பெருகும் காயத்தின்மேல் சுத்தமான துணியை வைத்து, விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில், பார்த்திருப்போர் எவ்வளவு வற்புறுத்தினாலும், தண்ணீரோ சோடாவோ ஊற்றலாகாது. வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதால் பயனில்லை. அடிபடாதபடி சுற்றிலும் உள்ளதை அகற்றி, ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். கழுத்தில் அடிபட்டவரை, தீயோ வேறு அபாயமோ நெருங்கினாலொழியப் புரட்டக்கூடாது. எல்லாவற்றிலும் பெரியது, நின்றுபோன இதயத்தை மார்பை அழுத்தி இயக்கும் முறை. 1960-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த மூவர் அதை உலகுக்கு அறிவித்தார்கள். அவர்களில் மூத்தவரான கௌவன்ஹோவன் மருத்துவம் படித்தவரல்லர், மின்சாரப் பொறியியல் பேராசிரியர் என்பது உனக்கு உற்சாகம் தரும். இரண்டு கைகள் இருந்தால் எவரும் எங்கும் இதைச் செய்யலாம் என்பதே அவர்கள் கண்டது. மார்பின் நடுவே, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். படித்தால் போதாது, பொம்மையின்மேல் பலமுறை அழுத்திப் பார்த்துக் கை பழக வேண்டும், ஏனெனில் மூளை பிராணவாயு இன்றித் தாங்குவது சில நிமிஷங்களே, புத்தகத்தைப் புரட்ட அப்போது அவகாசமிராது.

கடைசியாக, காரியம் முடிந்த பிற்பாடு வருவதைப் பற்றி ஒரு வார்த்தை. எவ்வளவு செய்தும் சில உயிர்கள் கைநழுவிப் போகும். கொட்டரையில் பிழைத்தவர் இருவர், போனவரும் இருவர். போனவர்களை எண்ணி வருந்தலாம், வருந்தாதவர் மனிதரல்லர். ஆனால் அந்தத் துயரத்தைக் குற்றமாக மாற்றித் தன் தலைமேல் சுமந்துகொள்வது தகாது. முயன்றது நம்முடையது, முடிவு நம்முடையதன்று. புகழும் ஓர் ஆபத்தே. கிரேஸ் டார்லிங்கின் படத்தை எழுத ஓவியர்கள் ஒருவர்பின் ஒருவராக அந்தத் தீவுக்கு வந்தார்கள். முன்பின் அறியாதவர்கள் அவளுடைய தலைமயிரில் ஒரு கற்றை கேட்டு எழுதினார்கள். கீர்த்தியின் அலைச்சலுக்கு ஆளாகி, நாலே ஆண்டுகளில், 26 வயதில் க்ஷயரோகத்தால் அவள் மறைந்தாள். பிறர் பாராட்டினால் நன்றி சொல். அதற்குமேல் அதில் நேரத்தைச் செலவிடாதே.

நீ பேரிடரைத் தேடிப் போக வேண்டுமென்று நான் சொல்லவில்லை. அது வரும்போது உன் கைகளுக்கு ஒரு வேலை தெரிந்திருக்க வேண்டும் என்பதே என் ஆசை. உன் நகரத்தில் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கத்தாரோ செஞ்சிலுவைச் சங்கத்தாரோ முதலுதவி வகுப்பு நடத்துகிறார்களா என்று விசாரி. நீச்சல் பழகக் குளம் இருந்தால் அதிலும் சேர். வகுப்புக் கட்டணத்தை நான் அனுப்புகிறேன். அடுத்த கடிதத்தில் உன் மனச்சோர்வைப் பற்றி எழுத வேண்டாம். எந்த வகுப்பில், எந்தத் தேதியில் சேர்ந்தாய் என்று எழுது.

இப்படிக்கு,
உன் நன்மையை நாடும்
தாத்தா