துண்டுக்குள்ளே முடியும் விலை
(மழைக்காலக் கால்நடை வளர்ப்பும் விற்பனையும் – குழுக் கூட்டத்தில் படித்துப் பேசுவதற்கான பாடம்)

புரட்டாசி பிறந்ததிலிருந்து நாங்கள் போகிற கூட்டங்களில் எல்லாம் ஒரே பேச்சுதான். "ஆட்டை இப்பவே தள்ளிடலாமா, பொங்கல் வரைக்கும் வச்சிருக்கலாமா மேடம்? தீபாவளிக்குத் துணி எடுக்கணும், தவணையும் நிக்குது." அதனால் இந்த இதழின் பாடத்தை அதற்கே ஒதுக்கிவிட்டோம்.

முதலில் ஒரு சம்பவம். பண்ருட்டிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் நம் உறுப்பினர் ஒருவர் குழுக் கடனில் கலப்பினப் பசு வாங்கினார். விடியற்காலை எழுந்து சாணி அள்ளி, பால் கறந்து, நெய்வேலி குடியிருப்புக்குப் போகும் பால்காரரிடம் ஊற்றி, கடனை ஒரு தவணை தவறாமல் கட்டி முடித்தவர். ஒரு கார்த்திகை மழையில் கொட்டகை சாய்ந்தது, வைக்கோலும் நனைந்து போனது. வீட்டுக்காரர் பசுவைச் சந்தைக்கு ஓட்டிப் போனார். சாயங்காலம் பணம் வந்தது. "எவ்வளவுக்குப் போச்சு?" என்று கேட்டதற்கு, "போன விலைக்குப் போச்சு, விடு" என்றாராம். "வளர்த்தது நான், விலை பேசினது யாருன்னே தெரியல" என்று அந்தச் சகோதரி சொன்னபோது எங்களிடமும் பதில் இல்லை.

துண்டும் தராசும்

மாட்டுச் சந்தையில் தரகர் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். எத்தனை விரலைப் பிடிக்கிறாரோ அதுதான் கணக்கு. பக்கத்தில் நிற்பவருக்குக்கூட விலை தெரியாது. நாலு பேர் முன்னால் விலையை உடைத்தால் வீண் சண்டை வரும், அதனால்தான் இந்த ஏற்பாடு என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். அதிலும் நியாயம் இருக்கலாம். வாரா வாரம் சந்தைக்குப் போகிறவருக்கு அந்தத் துண்டு ஒரு வசதிதான். வருஷத்துக்கு ஒரு தடவை போகிற நமக்கு அது இருட்டு.

மல்லாட்டையை நாம் அப்படி விற்பதில்லையே! பண்ருட்டி, விருத்தாசலம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மூட்டையை எடை போட்டு, குவியலுக்கு எண் கொடுக்கிறார்கள். வியாபாரிகள் தனித்தனியே விலை எழுதித் தருகிறார்கள். அதிக விலை எதுவோ அதை அறிவிக்கிறார்கள். கட்டுப்படி ஆகவில்லை என்றால் விற்க மாட்டேன் என்று சொல்லவும் நமக்கு உரிமை உண்டு. இங்கிலாந்து, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் மாட்டையே இப்படித்தான் விற்கிறார்கள். வட்டமான கூடத்தில் மாட்டை நடத்தி வந்து, எடையைப் பலகையில் காட்டி, எல்லோர் காதிலும் விழும்படி ஏலம் விடுகிறார்கள். இங்கிலாந்தில் பனிக்காலத் தீவனச் செலவுக்குப் பயந்து செப்டம்பர் முதல் நவம்பர் வரை நிறைய மாடுகளை விற்பார்கள். நம் ஊரில் பனி இல்லை, அடைமழை இருக்கிறது. கவலை ஒன்றுதான்.

"சந்தைக்குப் பொம்பளை போறதா?" என்று சிலர் கேட்கலாம். 2011-ல் தமிழக அரசின் விலையில்லா ஆடு வழங்கும் திட்டம் வந்தபோது, பயனாளிப் பெண்களே சந்தைக்குப் போய்ப் பார்த்து ஆடு பிடித்தார்கள். வாங்கப் போன கால்கள் விற்கவும் போகலாம்.

எதை விற்பது, எதை வைத்துக்கொள்வது

புரட்டாசியில் பல வீடுகளில் கறி எடுப்பதில்லை, ஆட்டு விலை படுத்துக் கிடக்கும். தீபாவளிக்கு முந்தின வாரம் ஏறும். வெள்ளிக்கிழமை கூடும் வேப்பூர் ஆட்டுச் சந்தையில் அந்த வாரம் கால் வைக்க இடமிருக்காது. கார்த்திகையில் மாலை போடுகிறவர்கள் அதிகம், மறுபடி இறங்கும். பொங்கலுக்கு மறுபடி எழும். பக்ரீத் ஆண்டுக்கு ஆண்டு முன்னால் நகர்ந்து வருவதால் அதையும் காலண்டரில் பார்த்து வைக்க வேண்டும்.

ஆகவே வளர்ந்த கிடாக்கள், குட்டி போடாத ஆடுகள் இவற்றைத் தீபாவளிக்கு முன்னாடியே விற்றுவிடலாம். மழையில் அவற்றுக்குத் தீவனம் போட்டுக் காப்பாற்றுவது வீண் செலவு. நல்ல பெட்டைக் குட்டிகளைக் கொடுக்காதீர்கள். கறவைப் பசுவைத் தவணைக்காகக் கார்த்திகையில் விற்பது எங்களைக் கேட்டால் கடைசி வழி. அதற்கு முன்னால் குழுவில் பேசுங்கள். ஒரு தவணை தள்ளிப் போவதால் குழு முழுகிவிடாது. வங்கிக் கடன் தீராத மாடாக இருந்தால் வங்கிக்கும் குழுவுக்கும் சொல்லாமல் விற்கவே கூடாது.

வைத்துக்கொள்ளும் கால்நடைக்கு மழையில் தனிக் கவனிப்பு வேண்டும். கோமாரித் தடுப்பூசி ஆறு மாதத்துக்கு ஒரு முறை இலவசமாகப் போடுகிறார்கள். காதில் 12 இலக்க எண் உள்ள தோடும் மாட்டுகிறார்கள், அது விழுந்துவிட்டால் கால்நடை மருந்தகத்தில் சொல்லுங்கள். 2013 மழைக்காலத்தில் பல மாவட்டங்களில் கோமாரி பரவி, சில ஊர்களில் சந்தையையே மூட வேண்டி வந்தது. ஆட்டுக்கு ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி முக்கியம். நனைந்த இளம்புல்லை வெறும் வயிற்றில் மேய விட்டால் வயிறு உப்பும். முதலில் கொஞ்சம் வைக்கோல் போட்டுவிட்டு மேய்ச்சலுக்கு அவிழ்த்து விடுங்கள். பால் கறந்ததும் மாடு சேற்றில் படுத்தால் மடிநோய் வரும். காம்புத் துளை மூட நேரமாகும், அதனால் அரை மணி நேரம் தீவனம் போட்டு நிற்க வையுங்கள். 2015 நவம்பரில் பெரியகாட்டுப்பாளையம், விசூர் பக்கம் வெள்ளம் வந்த வேகத்தை நாம் மறக்க முடியாது. பெருமழை எச்சரிக்கை வந்தால் இரவில் கால்நடையைத் தாழ்வான இடத்தில் கட்டிப் போடாதீர்கள். மேட்டுக்குக் கொண்டு போங்கள், முடியாவிட்டால் கயிற்றையாவது அவிழ்த்து விடுங்கள். அவசரத்துக்குக் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962.

டேப்பால் எடை

தராசு இல்லாமலும் எடை பார்க்கலாம், தையல் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்து அங்குலத்தில் எழுதுங்கள். தோள்பட்டை முனையிலிருந்து பின்பக்க எலும்பு முனை வரை நீளத்தை அளந்துகொள்ளுங்கள். நெஞ்சளவை நெஞ்சளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ எடை வரும். நெஞ்சு 26, நீளம் 25 என்றால் 26 × 26 × 25 = 16,900. அதை 660-ஆல் வகுத்தால் 25 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்தால் ஒரு நிமிஷத்தில் போட்டுத் தரும்.

ஆட்டு எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கறி கிடைக்கும். 25 கிலோ ஆட்டில் 11 கிலோ என்று வையுங்கள். உங்கள் ஊர்க் கடையில் கறி கிலோ 800 ரூபாய் என்றால் 8,800 ரூபாய். தலை, கால், குடல், தோல் தனி. வியாபாரிக்கும் வண்டிச் செலவு, லாபம் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவர் 5,000 என்று ஆரம்பித்தால் அது எவ்வளவு தூரத்துப் பேச்சு என்று இனி நமக்குத் தெரியும். கறவைப் பசுவுக்கு எடையைவிடப் பால்தான் விலை. வாங்குகிறவரை வீட்டுக்கு வரச் சொல்லி, காலை மாலை இரண்டு வேளையும் கறந்து காட்டுங்கள். பல்லைத் திறந்து பார்ப்பார்கள். எட்டுப் பல்லும் முளைத்துக் கடை சேர்ந்திருந்தால் நாலரை, ஐந்து வயது ஆகிவிட்டது என்று கணக்கு.

நம் வாசலில் ஏலம்

சென்ற ஆண்டு தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு, ஓர் ஊரில் மூன்று குழுக்கள் சேர்ந்து 17 ஆடுகளைக் கோயில் திடலுக்குக் கொண்டு வந்தார்கள். தொங்கு தராசில் நிறுத்து, எடையைச் சிலேட்டில் எழுதி ஆட்டின் கழுத்தில் மாட்டினோம். வியாபாரிகள் மூன்று பேரை அழைத்து, விற்பனைக்கூடத்தில் செய்வது போலச் சீட்டில் விலை எழுதித் தரச் சொன்னோம்.

நாங்கள் அங்கே ஒரு தப்பு செய்தோம். மூன்று பேருமே ஒரே ஊர்க்காரர்கள். டீக்கடையிலேயே பேசி வைத்துக்கொண்டு வந்து, மூன்று சீட்டிலும் ஏறத்தாழ ஒரே விலையை எழுதினார்கள். பெண்கள் கொடுக்கவில்லை. வயதான ஒரு சகோதரி, "எட வண்டியை, வேப்பூருக்கே போவோம்" என்றார். அந்த வெள்ளிக்கிழமை ஒரு சின்ன வண்டியில் ஆடுகளோடு ஆறு பெண்கள் போனார்கள். எடை எழுதிய சீட்டு ஆளுக்கொன்று கையில் இருந்தது. ஒரு தரகர் துண்டை எடுத்தபோது, "வாயால சொல்லுங்க அண்ணே, நாங்க ஆறு பேரும் கேக்கணும்" என்றார்களாம். அவர் சிரித்துவிட்டு வாயாலேயே சொன்னார். பேசிப் பேசி 14 ஆடு போனது. விலை படியாத மூன்றைத் திரும்ப ஓட்டி வந்து, நோய் தொற்றாமலிருக்க மூன்று வாரம் மற்ற ஆடுகளோடு சேர்க்காமல் தனியே கட்டினார்கள். இந்த முறை வியாபாரிகளை வேறு வேறு ஊரிலிருந்து அழைக்க வேண்டும் என்று இப்போதே தீர்மானம் எழுதி வைத்திருக்கிறார்கள்.

கூட்டத்தில் பேச: நம் குழுவில் கடைசியாக விற்ற ஆடு, மாடு எவை? விலை பேசியது யார்? பணம் யார் கைக்கு வந்தது? அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் ஒரு ஆட்டையாவது அளந்து, எடையைக் குழு நோட்டில் எழுதி வாருங்கள். கூட்டமைப்பு அலுவலகத்தில் இருப்பது ஒரே ஒரு தொங்கு தராசு. வேண்டிய ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு மூன்று வாரம் முன்னாடியே சொல்லி வையுங்கள்.