எஞ்சின் ஏன் உதறுகிறது?

டக், டக், டக்... ஓர் இடைவெளி. மீண்டும் டக், டக், டக்... மறுபடியும் இடைவெளி.

கோவில்பட்டியில் ஒரு மெக்கானிக் பட்டறையின் முன்னால் பழைய ஜீப் பிக்கப் வண்டி ஒன்று நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அதன் பின்புறம் பருத்திப் பொதிகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. எஞ்சின் ஓடுகிறது; ஆனால் சீராக ஓடவில்லை. வண்டி முழுவதும் உதறுகிறது. மேட்டில் இழுவை இல்லை. பெட்ரோலும் அதிகமாகச் செலவாகிறது.

"அண்ணாச்சி, கார்புரேட்டரை மாத்திருவமா?" என்று கவலையோடு கேட்கிறார் வண்டிக்காரர்.

"பொறு தம்பி. கார்புரேட்டர்தான்னு யாரு சொன்னா? மொதல்ல எஞ்சினையே கேட்டுப் பாப்போம்" என்கிறார் மெக்கானிக்.

எஞ்சினைக் கேட்பதா? ஆம்! சரியான முறையில் கேட்டால் எஞ்சின் பதில் சொல்லும். கேட்காமல் ஊகத்தால் இன்று பிளக்கையும், நாளை காயிலையும், மறுநாள் கார்புரேட்டரையும் மாற்றினால் என்ன ஆகும்? கோளாறு வேறோர் இடத்தில் இருந்தால் அத்தனை பணமும் வீண். பருத்தியும் சந்தைக்குப் போய்ச் சேராது. கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதை நாமும் அந்த மெக்கானிக்கோடு நின்று பார்ப்போமா?

தீக்குச்சியும் எஞ்சினும்

கோவில்பட்டி தீப்பெட்டிகளுக்குப் பெயர் பெற்ற ஊர். ஆகவே தீக்குச்சியிலிருந்தே தொடங்குவோம். தீக்குச்சி எரிய மூன்று தேவை: எரியும் பொருள், ஆக்சிஜன், தொடக்க வெப்பம். குச்சியின் தலையிலுள்ள பொட்டாசியம் குளோரேட் ஆக்சிஜனைத் தருகிறது. பெட்டியின் பக்கவாட்டிலுள்ள சிவப்புப் பாஸ்பரசில் உரசும்போது தொடக்க வெப்பம் பிறக்கிறது.

பெட்ரோல் எஞ்சினிலும் இதே கதைதான். எரியும் பொருள் பெட்ரோல். ஆக்சிஜன் காற்றிலிருந்து வருகிறது. தொடக்க வெப்பத்தைத் தருவது பிளக்கில் தெறிக்கும் மின்பொறி. நான்காவதாக ஒன்றும் வேண்டும். பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையைப் பிஸ்டன் நன்றாக அமுக்கித் தரவேண்டும். அமுக்கிய கலவை எரிந்தால்தான் விசை போதிய அளவு கிடைக்கும்.

கலவையை உள்ளே இழுத்தல், அமுக்குதல், எரிந்து தள்ளுதல், புகையை வெளியேற்றுதல் என்ற இந்த நான்கு வீச்சு முறையில் ஓடிய எஞ்சினை 1876-இல் ஜெர்மனியில் நிக்கோலஸ் ஆட்டோ செய்து காட்டினார். நம் ஜீப்பின் எஞ்சினும் அந்த வழியில் வந்ததே. இரண்டாம் உலகப்போரில் புகழ்பெற்ற வில்லிஸ் ஜீப்பை, 1940-களின் இறுதியில் மகிந்திரா நிறுவனம் பம்பாயில் பூட்டத் தொடங்கியது. அந்த வழியில் வந்த பெட்ரோல் ஜீப்புகளில் சுமார் 2.2 லிட்டர் கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் எஞ்சின் இருந்தது. அதன் சிலிண்டர்கள் 1, 3, 4, 2 என்ற வரிசையில் வேலை செய்யும்.

ஒரு சிறு கணக்கு

வண்டி நிற்கும்போது எஞ்சின் நிமிடத்துக்கு 600 சுற்று சுற்றுவதாகக் கொள்வோம். நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை எரியும். அதாவது நிமிடத்துக்கு 300 முறை. விநாடிக்கு 5 முறை. நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து விநாடிக்கு 20 தள்ளல்கள்.

இவற்றுள் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை என்றால்? விநாடிக்கு 15 தள்ளல்களே கிடைக்கும். ஐந்து இடங்களில் இடைவெளி விழும். நான்கு பேர் சுமக்கும் சப்பரத்திலிருந்து ஒருவர் விலகினால் அது எப்படி ஆடும்! எஞ்சினும் அப்படித்தான் ஆடுகிறது. இதைத்தான் பட்டறையில் 'மிஸ்ஸிங்' என்கிறார்கள்.

வீடா, தெருவா?

இரவில் திடீரென்று மின்விளக்கு அணைந்தால் முதலில் என்ன செய்வீர்கள்? வெளியே வந்து தெருவைப் பார்ப்பீர்கள். தெருவே இருட்டாக இருந்தால் கோளாறு மின்கம்பியிலோ டிரான்ஸ்பார்மரிலோ இருக்கும். நம் வீடு மட்டும் இருட்டு என்றால் நம் வீட்டு ஃபியூசைப் பார்க்க வேண்டும்.

எஞ்சினிலும் முதல் கேள்வி இதுவே. உதறல் ஒரே தாளத்தில், விட்டுவிட்டு, தவறாமல் வருகிறதா? அப்படியானால் ஒரு சிலிண்டர் மட்டும் பழுதாக இருக்கலாம். அது 'வீட்டுக் கோளாறு'. தாளமே இல்லாமல் எல்லாம் தடுமாறுகிறதா? அப்படியானால் நான்கு சிலிண்டருக்கும் பொதுவான கார்புரேட்டர், காயில், பாயிண்ட் போன்றவற்றைச் சந்தேகிக்கலாம். அது 'தெருக் கோளாறு'.

நம் வண்டியில் இடைவெளி தவறாமல் வருகிறது. ஆகவே வீட்டுக் கோளாறு. எந்த வீடு?

ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தல்

மெக்கானிக் காப்பிட்ட பிடியுள்ள ஸ்குரூடிரைவரை எடுக்கிறார். அதன் தண்டை எஞ்சினின் இரும்பிலும், நுனியை முதல் பிளக்கின் முனையிலும் படும்படி வைக்கிறார். மின்சாரம் பிளக்கின் இடைவெளியைத் தாண்டாமல் நேரே இரும்புக்குப் போய்விடுகிறது. முதல் சிலிண்டர் நின்றுவிட்டது. எஞ்சின் இன்னும் மோசமாக உதறுகிறது. இதன் பொருள் என்ன? முதல் சிலிண்டர் இதுவரை நன்றாக உழைத்துக்கொண்டிருந்தது. அதை நிறுத்தியதால் ஓட்டம் கெட்டது.

இரண்டாவதிலும் அதே விளைவு. மூன்றாவதை நிறுத்துகிறார். சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை! நான்காவதை நிறுத்தினால் மீண்டும் மோசமாகிறது.

குற்றவாளி எது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். மூன்றாவது சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யவில்லை. ஆகவே அதை நிறுத்தினாலும் வேறுபாடு தெரியவில்லை.

எச்சரிக்கை: பிளக் கம்பியில் பாயும் மின்னழுத்தம் பத்தாயிரம் வோல்ட்டுக்கும் மேல். சுற்றிலும் பெட்ரோல் ஆவி இருக்கும். விசிறியும் பெல்ட்டும் சுழலும். இந்தச் சோதனையைப் பயிற்சி பெற்ற மெக்கானிக் மட்டுமே செய்ய வேண்டும். நீங்கள் விலகி நின்று கவனியுங்கள். மேலும் இது பழைய பாயிண்ட் வகை வண்டிகளுக்கே உரியது. மின்னணுப் பற்றவைப்பு உள்ள வண்டிகளில் இப்படிச் செய்தால் கருவிகள் கெட்டுவிடும்.

இடம் மாற்றிப் பார்த்தல்

அடுத்து எஞ்சினை நிறுத்திவிட்டு, மூன்றாவது பிளக்கையும் இரண்டாவது பிளக்கையும் இடம் மாற்றிப் பூட்டுகிறார். இந்த ஒரு மாற்றத்தைத் தவிர வேறு எதையும் அவர் தொடவில்லை. காரணம் என்ன? ஒரே சமயத்தில் இரண்டு பொருள்களை மாற்றினால், குணமாக்கியது எது என்று தெரியாமற் போய்விடும். உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்திலும் இதே விதிதான்.

இப்போது கோளாறு இரண்டாவது சிலிண்டருக்குப் போய்விட்டால் பிளக்தான் பழுது. புதிய பிளக் போட்டால் போதும். கோளாறு மூன்றாவதிலேயே நின்றால் பிளக் நிரபராதி. அடுத்து அந்தப் பிளக்குக்குச் செல்லும் கம்பியை மாற்றிப் பார்க்க வேண்டும். அதுவும் நிரபராதி என்றால் சிலிண்டரின் அமுக்கத்தை அளக்க வேண்டும்.

கழற்றிய பிளக்கின் நிறமும் ஒரு சாட்சி. இளம்பழுப்பு நிறம் என்றால் எரிதல் நன்று. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்திருந்தால் எண்ணெய் உள்ளே கசிகிறது. வெளுத்துக் காய்ந்திருந்தால் பெட்ரோல் குறைவு, அல்லது வெப்பம் மிகுதி.

ஒரு புதிர்

அமுக்கமானி காட்டிய அளவுகள், சதுர சென்டிமீட்டருக்குக் கிலோகிராம் கணக்கில், இவை என்று கொள்வோம்: முதல் சிலிண்டர் 8, இரண்டாவது 8, மூன்றாவது 5, நான்காவது 8. மூன்றாவதில் காற்று எங்கோ கசிகிறது. கசிவு பிஸ்டன் ரிங்குகளின் வழியாகவா, வால்வின் வழியாகவா? எஞ்சினைப் பிரிக்காமலே சொல்ல முடியுமா?

முடியும்! பிளக் துளை வழியாக ஒரு கரண்டி எஞ்சின் எண்ணெயை ஊற்றி மறுபடி அளக்க வேண்டும். எண்ணெய் பிஸ்டனைச் சுற்றிப் படர்ந்து ரிங் இடுக்குகளைச் சற்று நேரம் அடைக்கும். அளவு 7-க்கு மேல் ஏறினால் தேய்ந்தது ரிங். ஏறாமல் 5-லேயே நின்றால் சந்தேகம் வால்வின் மேல். அடுத்தடுத்துள்ள இரண்டு சிலிண்டர்களில் அளவு குறைந்திருந்தால் அவற்றுக்கு இடையே ஹெட் கேஸ்கட் கிழிந்திருக்கக்கூடும். ஒரு கரண்டி எண்ணெய் எவ்வளவு வேலையை மிச்சப்படுத்துகிறது பார்த்தீர்களா?

கரிசல் புழுதியும் கோடை வெயிலும்

தெருக் கோளாறாக இருந்தால்? இங்கே நம் நிலத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். கரிசல் மண் களிமண் வகை. கோடையில் வெடித்து, மாவு போன்ற புழுதியாகப் பறக்கும். பழைய ஜீப்பின் ஏர் கிளீனரில் ஒரு தட்டு எண்ணெய் இருக்கும். உள்ளே வரும் காற்று அந்த எண்ணெயின் மேல் சட்டென்று திரும்பும். காற்றைவிடக் கனமான புழுதித் துகள்கள் நிலைமத்தால் திரும்ப முடியாமல் எண்ணெயில் ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் சேறாகிவிட்டால் காற்றின் வழி அடைபடும். பல பழைய கார்புரேட்டர்களில் இதனால் பெட்ரோல் விகிதம் கூடும், கரும்புகை வரும். புழுதி உள்ளே நுழைந்தாலோ ரிங்குகளை அரம்போல் தேய்த்துவிடும்.

'எப்போது உதறுகிறது?' என்பதும் நல்ல கேள்வி. காலையில் நன்றாக ஓடி, உச்சி வெயிலில் மட்டும் திணறினால், பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி ஓட்டத்தைத் தடுக்கலாம். நிற்கும்போது உதறி, வேகம் கூட்டினால் சீரானால், கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையே காற்று கசியலாம். நிற்கும்போது எஞ்சின் இழுக்கும் காற்று சிறிது. அதில் கசிவின் பங்கு பெரிது. வேகத்தில் இழுக்கும் காற்று மிகுதி. கசிவின் பங்கு சிறிது. அதே கசிவுதான், விகிதம் மட்டும் மாறுகிறது!

இன்று புதிதாக ஒரு காரணமும் சேர்ந்திருக்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். 2025-இல் நம் நாட்டின் பெட்ரோலில் எத்தனாலின் பங்கு 20 விழுக்காட்டை எட்டியது. இந்தக் கலவைக்குத் தேவையான காற்று ஏறத்தாழ 13.5 கிலோ. பழைய கார்புரேட்டருக்கு இது தெரியாது. அது பழைய விகிதத்திலேயே காற்றைச் சேர்ப்பதால் எரிபொருள் போதாமல் எஞ்சின் தடுமாறலாம். எத்தனால் பழைய ரப்பர்க் குழாய்களையும் அரிக்கக்கூடும். அவற்றையும் பார்த்து மாற்ற வேண்டும்.

கணினியும் அதே கேள்வியைக் கேட்கிறது

இன்றைய புதிய பெட்ரோல் வண்டிகளில் கார்புரேட்டர் இல்லை, கணினி உண்டு. ஒரு சிலிண்டர் எரியத் தவறினால் அந்தக் கணத்தில் எஞ்சினின் சுழற்சி மிகச் சிறிதளவு தளரும். பல் சக்கரத்தின் அருகிலுள்ள ஓர் உணரி அந்தத் தளர்ச்சியைக் கண்டுகொள்கிறது. எந்தச் சிலிண்டரின் முறையில் தளர்ந்தது என்று கணினி கணக்கிட்டு எச்சரிக்கை விளக்கை ஏற்றுகிறது. ஆனால் பிளக்கா, கம்பியா, வால்வா என்பதைப் பெரும்பாலும் மனிதர்தான் சோதித்து முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

நீங்களும் செய்து பாருங்கள்

ஊசி இல்லாத ஒரு புதிய பிளாஸ்டிக் சிரிஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள். தண்டைப் பாதி இழுத்து, முனையை விரலால் இறுக மூடித் தண்டை அழுத்துங்கள். உள்ளே சுருள்வில் இருப்பதுபோல் காற்று எதிர்த்துத் தள்ளும். தண்டை விட்டதும் ஏறத்தாழப் பழைய இடத்துக்கே திரும்பும். இதுவே நல்ல சிலிண்டர். இப்போது விரலைச் சற்றே தளர்த்தி அழுத்துங்கள். காற்று கசியும், தண்டு திரும்பாது. இதுவே வால்வு சரியாக மூடாத மூன்றாவது சிலிண்டர்!

நம் பட்டறைக்குத் திரும்புவோம். அன்று பழுதானது பிளக் மட்டுமே. புதிய பிளக் பூட்டியதும் நான்கு தள்ளல்களும் இடைவெளி இல்லாமல் ஒலிக்கின்றன. கார்புரேட்டரை யாரும் தொடவில்லை. வண்டிக்காரரின் பணம் அவர் பையிலேயே இருக்கிறது. பருத்திப் பொதிகள் சந்தைக்குப் புறப்படுகின்றன.

அடுத்த முறை உங்கள் வீட்டு மின்விசிறியோ, சைக்கிளோ, தண்ணீர் மோட்டாரோ மக்கர் செய்தால், 'எதை மாற்றலாம்?' என்று தொடங்காதீர்கள். 'எது நன்றாக இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?' என்று தொடங்குங்கள். நல்லவற்றை ஒவ்வொன்றாக விலக்கினால், கோளாறு ஒளிந்துகொள்ள இடம் குறைந்துகொண்டே வரும்.