‘இல்லை’ என்ற கட்டத்தில் கோடு இழுக்காதே

மருதானை,
கொழும்பு 10.

அன்பு மருமகளுக்கு,

அம்மா நேற்று கோல் எடுத்து எல்லாம் சொன்னாள். ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி மூன்று கிழமை ஆகிறது, முதலாம் வகை நீரிழிவுதான் என்று வைத்தியர் உறுதியாகச் சொல்லிவிட்டார், ஊசியை நீயே போடப் பழகிவிட்டாய் என்றாள். இருபத்துநான்கு வயதில் இது சின்ன விடயமில்லை. அதை நீ ஏற்றுக்கொண்ட விதம் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

இன்றே எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அம்மா கடைசியில் சொன்ன விடயம். அக்காவின் பிள்ளைப்பேற்றுக்கு நீ பாரிசுக்குப் போக வேண்டும், விசாவுக்குப் பயணக் காப்புறுதி கேட்கிறார்கள். ஏஜென்சிக்காரர், “வருத்தம் ஒண்டும் போட வேண்டாம் தங்கச்சி, போட்டா விசா கிடையாது” என்று சொல்லி, படிவத்தில் உடல்நலக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ‘இல்லை’ என்ற பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரே கோடு இழுத்துக் கையெழுத்துக்குத் தந்திருக்கிறார். நீ இன்னும் கையெழுத்து வைக்கவில்லை என்று அம்மா சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. வைக்காதே. காப்புறுதிக் கந்தோரில் கிளெய்ம் பகுதியில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த ஒரு கோட்டோடு நீ கட்டும் காசு முழுவதும் வீண்.

முதலில் விசாப் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஷெங்கன் விசா விண்ணப்பத்தில் உனக்கு என்ன வருத்தம் என்ற கேள்வியே இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டு விசாச் சட்டம் கேட்பது இதைத்தான்: ஆகக் குறைந்தது 30,000 யூரோவுக்கான காப்புறுதி, அவசர சிகிச்சையையும் மருத்துவக் காரணத்துக்காக நாட்டுக்குத் திருப்பி அனுப்பும் செலவையும் மரணம் நேர்ந்தால் வரும் செலவையும் ஏற்க வேண்டும், ஷெங்கன் நாடுகள் எல்லாவற்றிலும் நீ நிற்கும் நாள் முழுவதும் செல்லுபடியாக வேண்டும். பொதுச் சுகாதாரத்துக்கு ஆபத்து என்று விசாவை மறுக்கலாம்தான். ஆனால் அது தொற்றிப் பரவும் நோய்களுக்கான விதி. நீரிழிவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தூதரகத்தில் பார்ப்பது காப்புறுதிச் சான்றிதழை. காப்புறுதிக் கம்பனிக்கு நீ கொடுத்த படிவத்தை அல்ல.

சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. உனக்கு ஏற்கெனவே உள்ள நோய்க்கும் அந்தக் காப்புறுதி பொறுப்பேற்க வேண்டும் என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. எனவே விசா எடுக்கப் போதுமான காப்புறுதி, பாரிசில் நீ சீனி இறங்கி மயங்கி விழும்போது உதவாமல் போகலாம். ஏஜென்சிக்காரருக்கு விசா கிடைத்தால் வேலை முடிந்தது. உனக்கு வேண்டியது அதற்குப் பிறகும் நிற்கிற காப்புறுதி. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்துத்தான் நம் சனம் மலிவானதை வாங்கிக்கொண்டு விமானம் ஏறுகிறது. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பெரியாஸ்பத்திரியில் ஒரு சதம் கட்டாமல் சத்திரசிகிச்சை செய்து, கிளினிக்கில் இன்சுலினும் சும்மா வாங்கிப் பழகியவர்கள் நாங்கள். வெளிநாட்டில் ஓர் இரவு வார்டில் படுத்தால் என்ன பில் வரும் என்ற நினைப்பே நமக்கு வருவதில்லை.

இந்தியாவில் நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன், கவனமாக வாசி. 2009ஆம் ஆண்டு மே மாதம் ஒருவர் உறவினர் திருமணத்துக்கு அமெரிக்கா போகப் பயணக் காப்புறுதி எடுத்தார். தனக்கு நீரிழிவு இருப்பதை அவர் மறைக்கவில்லை. மருத்துவப் பரிசோதனையும் நடந்தது. அதன் பிறகுதான் யுனைட்டட் இந்தியா நிறுவனம் காப்புறுதி கொடுத்தது. சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதும் வியர்த்துக் கொட்டி, உடல் தளர்ந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இதயக் குழாயில் அடைப்பு, மூன்று ஸ்டென்ட். பில் இரண்டு லட்சம் அமெரிக்க டொலருக்கு மேல். கம்பனி காசு தர மறுத்தது. நீரிழிவும் கொழுப்பும் முன்பே இருந்தவை, கொழுப்புக்கு மருந்து எடுத்ததை அவர் சொல்லவில்லை என்று வாதாடியது. தேசிய நுகர்வோர் ஆணையமும் கம்பனியின் பக்கமே நின்றது. அவர் விடவில்லை. 2021 டிசம்பர் 6ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்தது. நோயைப் பற்றிச் சொன்னவருக்கு, அவர் நிலையை ஆராய்ந்து பார்த்துக் காப்புறுதி கொடுத்துவிட்டு, அவர் சொன்ன அதே நோயைக் காட்டிப் பின்னர் கைவிரிக்க முடியாது என்றது.

அவரைக் காப்பாற்றியது எது என்று யோசித்துப் பார். நல்ல வழக்கறிஞர் இருந்திருக்கலாம், பன்னிரண்டு வருடப் பொறுமையும் இருந்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில், நீரிழிவு உண்டு என்று அவர் சொன்னது பதிவில் இருந்தது.

மறுபக்கத்தையும் பார். அதே உச்ச நீதிமன்றம் 2009இல் இன்னொரு தீர்ப்பு சொன்னது. நீண்டகால நீரிழிவையும் சிறுநீரகக் கோளாறையும் சொல்லாமல் ஒருவர் நியூ இந்தியா நிறுவனத்தில் மருத்துவக் காப்புறுதி எடுத்திருந்தார். அவர் இறந்த பிறகு குடும்பம் காசு கேட்டது. கம்பனி மறுத்தது சரி என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கே நோய் மாத்திரம் குடும்பத்தைத் தோற்கடிக்கவில்லை. சொல்லாமல் விட்டதும் சேர்ந்து தோற்கடித்தது.

காப்புறுதியில் இரு பக்கமும் உண்மை பேச வேண்டும் என்ற விதி பழையது. 1766இல் லண்டனில் மான்ஸ்ஃபீல்ட் பிரபு அதை வகுத்தார். சுமாத்திராவில் இருந்த ஓர் ஆங்கிலக் கோட்டையைப் பற்றிய வழக்கு அது. இங்கிலாந்திலேயே 2012இல் சட்டத்தைத் திருத்தி, சாதாரண மக்கள், கம்பனி தம்மிடம் கேட்ட கேள்விகளுக்கு நியாயமான கவனத்தோடு பதில் சொன்னால் போதும் என்றார்கள். நீ அந்தச் சலுகையை நம்பி நடக்காதே. பழைய கண்டிப்புத்தான் இங்கே உண்டு என்று எண்ணி, கேட்டதையும் சொல், கேட்காமல் விட்டதிலும் முக்கியமானதைச் சொல்.

உனக்கென்று ஒரு விசேட சிக்கல் இருக்கிறது, அதுதான் என் பெரிய கவலை. உன் வருத்தம் புதிது. முதலாம் வகை நீரிழிவில் ஊசி தொடங்கிய சில கிழமையிலோ மாதத்திலோ கணையம் கொஞ்சம் தெம்படைந்து இன்சுலின் தேவை குறைவது பலருக்கும் வருவது. காலம் போக அது திரும்ப ஏறும். உன் கிளினிக் கொப்பியைத் திறந்து பார், அலகுகள் வெட்டி வெட்டித் திருத்தி எழுதப்பட்டிருக்கும். வைத்தியருக்கு அது நல்ல பராமரிப்பு. காப்புறுதிக்காரரின் கண்ணுக்கு அது நிலைபெறாத நோய். கனடாவில் விற்கும் பயணக் காப்புறுதிகளில் இதைத் தெளிவாகவே எழுதியிருப்பார்கள்: பயணத்துக்கு முந்திய 90 நாளோ 180 நாளோ நோய் மாறாமல் இருக்க வேண்டும், மருந்தின் அளவு கூடினாலும் குறைந்தாலும் அது மாற்றம்தான். சில பத்திரங்களில் இன்சுலின் அளவைச் சரிசெய்வது மாற்றமாகாது என்று விலக்குக் கொடுப்பார்கள், ஆனால் புதிதாக இன்சுலின் தொடங்கியவருக்கு அந்த விலக்குப் பொருந்தாது. பிள்ளைகளைப் பார்க்கச் சுப்பர் விசாவில் அங்கே ஸ்கார்பரோவுக்குப் போகும் நம் பெற்றோர் 100,000 டொலர் காப்புறுதியைக் காட்டித்தான் விசா எடுக்கிறார்கள், இந்த வரியை வாசித்தவர்கள் எத்தனை பேரோ!

ஆகவே நீ வாங்கப்போகும் பத்திரத்தில் இப்படி ஒரு நிபந்தனை இருக்கிறதா என்று முதலில் கேள். வாயால் கேட்காதே, மின்னஞ்சலில் கேள், பதிலும் எழுத்தில் வரட்டும். “எனக்கு இன்ன திகதியில் முதலாம் வகை நீரிழிவு என்று உறுதியானது, இன்சுலின் அளவு இன்னும் மாறிக்கொண்டிருக்கிறது, சீனி இறங்கி மயங்கினாலோ அதிகம் ஏறி ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலோ நீங்கள் செலவை ஏற்பீர்களா?” இவ்வளவும் போதும். கூடுதல் கட்டணம் கேட்பார்கள், அல்லது நீரிழிவைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் தருகிறோம் என்பார்கள், அல்லது முடியாது என்பார்கள். கூடுதல் கட்டணம் என்றால் கட்டு, யோசிக்காதே. நீரிழிவைத் தவிர என்றால், அந்த விலக்கு எவ்வளவு தூரம் நீளும் என்று பார். ‘நேரடியாகவோ மறைமுகமாகவோ’ என்று இருந்தால், சீனி இறங்கித் தலை சுற்றிப் படியில் விழுந்து கால் முறிந்தாலும் அதை நீரிழிவோடு முடிச்சுப் போட்டுவிடுவார்கள். முடியாது என்றால் அடுத்த கம்பனிக்குப் போ. உனக்காக இன்னொருவர் காப்புறுதி எடுப்பதையும் அதே விசாச் சட்டம் ஏற்கிறது. இங்கே கிடைக்காவிட்டால் அக்காவை அங்கே விசாரிக்கச் சொல். பிரித்தானியாவில் 2021 முதல், நோயைக் காரணம் காட்டி மறுக்கும் கம்பனி அப்படிப்பட்டவர்களுக்குக் காப்புறுதி தரும் இடங்களின் பட்டியலைக் காட்டியே ஆக வேண்டும். இங்கே அந்த வசதி இல்லை, நாம்தான் ஏறி இறங்க வேண்டும்.

எங்கும் சரிவரவில்லை என்றால், பயணத்தைத் தள்ளிப் போடு. உனக்கு இது கசக்கும், தெரியும். அக்காவோடு நிற்க உன் மனம் துடிக்கிறது. ஆனால் பிள்ளைப்பேற்றுக்கே போக வேண்டுமென்றில்லை, பல்லுக் கொழுக்கட்டைக்குப் போகலாம். அதற்குள் உன் ஊசி அளவும் ஒரு நிலைக்கு வந்துவிடக்கூடும்.

இன்னொன்று. “வெளியில் தெரிந்தால் நாளைக்குக் கல்யாணப் பேச்சு வரும்போது என்ன செய்வது?” என்று அம்மா அழுதாள். இந்தப் பயம் நம் வீடுகளில் எவ்வளவு ஆழமானது என்று எனக்குத் தெரியும். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் எத்தனையோ பெண்பிள்ளைகள் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு ஊசி போடுகிறார்கள். இது எனக்குக் கோபம் வரச் செய்கிற வழக்கம். உன் வருத்தத்தை அயலவருக்குச் சொல்வதா, சொந்தக்காரருக்குச் சொல்வதா என்பது உன் முடிவு, அதில் யாரும் தலையிட வேண்டாம். ஆனால் அந்த ஒளிப்பு காப்புறுதிப் படிவத்துக்குள் வரக்கூடாது. படிவம் கல்யாணத் தரகரின் கைக்குப் போவதில்லை. அம்மாவிடம் நான் பேசுகிறேன்.

வைத்தியரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கு: நோயின் பெயர், உறுதியான திகதி, இப்போதைய இன்சுலின் வகையும் அளவும், வேறு சிக்கல்கள் இல்லை என்பது. நேர வித்தியாசத்துக்கு ஊசியை எப்படி மாற்றுவது என்றும் அவரிடமே கேள். டயக்னோசிஸ் கார்ட், கிளினிக் கொப்பி இரண்டையும் பிரதி எடுத்து வை. இன்சுலின் முழுவதும் கைப்பையில் போகட்டும், சரக்குப் பகுதியில் உறைந்தால் அது பயன்படாது. காப்புறுதி எடுத்த பிறகு, புறப்படுவதற்கு முன் வைத்தியர் அளவை மாற்றினாலோ வேறு வருத்தம் கண்டாலோ, அதையும் கம்பனிக்கு எழுதி அறிவி. நாளை கிளெய்ம் மறுத்தால், முதலில் கம்பனிக்கே எழுத்தில் முறையிடு. அதற்கு மேல் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார். 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் இருக்கிறது. அங்கெல்லாம் போய் நிற்கும்போது உன் கையில் இருக்கப்போவது நீ நிரப்பிய படிவத்தின் பிரதியும் அந்த மின்னஞ்சல்களும்தான்.

ஏஜென்சிக்காரர் கோடு இழுத்த படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதியது ஒன்று வாங்கு. கொப்பியையும் எடுத்துக்கொண்டு இந்தச் சனிக்கிழமை இங்கே வா. ஒவ்வொரு கேள்வியாக இருந்து நிரப்புவோம்.

அன்புடன்,
மாமா