சத்தமில்லாத விமானங்கள்

பறப்பதை நிறுத்திய போர் விமானத்தைப் பழைய இரும்புக்கு விற்காமல் ஏன் பாதுகாக்கிறார்கள்? கடந்த விடுமுறையில் உம்மா, வாப்பாவோடு கொழும்புக்குப் போனபோது, இந்தக் கேள்வியோடுதான் இரத்மலானையிலுள்ள விமானப்படை நூதனசாலைக்குள் நுழைந்தேன்.

இரத்மலானை பழைய விமான நிலையம். 1935 நவம்பர் 27ஆம் திகதி அங்கே முதல் விமானம் இறங்கியது. 1947 டிசம்பர் 10ஆம் திகதி எயார் சிலோனின் முதல் பயணிகள் விமானம் அங்கிருந்து புறப்பட்டு, எங்கள் பலாலி வழியாகத்தான் சென்னைக்குப் போனது. பலாலி ஓடுபாதையோ இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியர் போட்டது.

இலங்கை விமானப்படை 1951 மார்ச் 2ஆம் திகதி தொடங்கப்பட்டது. அக்காலத்தில் விமானிகள் பயின்ற சிப்மங், பேலியல் விமானங்களை அங்கே பார்த்தேன். ஜெற் புறவோஸ்ற் என்பது நாட்டின் முதல் ஜெற் விமான வகை. மிக்-17 விமானங்கள் 1971 கிளர்ச்சியின்போது சோவியத் யூனியனிலிருந்து வந்தவை. ஒவ்வொன்றின் அருகிலும் நின்றால், அந்தந்தக் காலத்தில் நாடு யாரோடு நட்பாக இருந்தது, எதற்கு அஞ்சியது என்பது விளங்குகிறது. வரலாற்றுப் பாடத்தில் ஒரு வரியாகப் படித்தது அங்கே இறக்கை விரித்து நிற்கிறது.

விமானத்தை நிறுத்தி வைத்தால் மட்டும் போதாது. முதலில் எரிபொருளையும் எண்ணெய்களையும் வடித்துவிட வேண்டும். ஜெற் விமானங்களில் ஆபத்து வேளையில் விமானியை வெளியே தூக்கி எறியும் இருக்கை இருக்கும். அதிலுள்ள வெடிமருந்தை அகற்ற வேண்டும். பாரம் முழுவதும் ரயரில் தங்கினால் அது வெடித்துப்போகும் என்பதால், கீழே தாங்கிகள் கொடுப்பார்கள். குருவியும் குளவியும் கூடு கட்டாதபடி துவாரங்களை மூடிவைப்பார்கள்.

பெரிய எதிரி கடற்காற்று. அலுமினியத்தின் மேல் இயற்கையாகவே ஒரு மெல்லிய ஒட்சைட்டுப் படை உண்டு. உப்பிலுள்ள குளோரைட்டு அயன்கள் அதைத் துளைத்துவிடும். உருக்கு ஆணி அலுமினியத்தைத் தொடும் இடத்தில் உப்பு நீர் பட்டால், தாக்குதிறன் கூடிய அலுமினியமே முதலில் அரிக்கப்படும். உயர்தர இரசாயனவியலில் நாம் படிக்கும் மின்னிரசாயனக் கலம்தான் இது. ஆகவே கழுவுவதும் வர்ணம் பூசுவதும் முடிவில்லாத வேலை.

இவற்றையெல்லாம் உம்மாவுக்கு விளக்கிக்கொண்டே நடந்தேன். அவர் திடீரென நின்று கேட்டார்.

“எங்கட ஊருக்கு மேல வந்தது இதில எது மகள்?”

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. “நீங்கதானே உம்மா பார்த்திருக்கிறீங்க?” என்றேன்.

“நாங்க எங்க நிமிர்ந்து பார்த்த? பங்கருக்குள்ள குப்புறக் கிடந்தம். சத்தத்தைக் கேட்டா இப்பவும் சொல்லிப்போடுவன்.”

1990இல் உம்மாவுக்குப் பத்து வயது. ‘பொம்மர்’ வந்தால் சோனகத்தெருவில் எல்லோரும் பங்கருக்கு ஓடுவார்களாம். அவ்வருட ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் அனைவரும் ஊரிலிருந்து வெளியேற்றப்பட, உம்மாவின் குடும்பமும் புத்தளத்துக்குப் போனது. இன்றும் விமானம் தாழப் பறந்தால், அவர் செய்யும் வேலையை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

நூதனசாலை விமானத்தின் உருவத்தைக் காப்பாற்றியிருக்கிறது. அதன் சத்தம் உம்மாவிடம்தான் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் அந்த விமானத்தின் கதை முழுமையாகும்.

அப்படியானால் இவற்றைப் பார்த்துப் பயப்பட மட்டும்தான் வேண்டுமா? கடலுக்கு அக்கரையில், இராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம் குரோம்பேட்டையிலுள்ள எம்.ஐ.ரி. தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தபோது, அங்கே சேவையிலிருந்து நீக்கப்பட்ட இரண்டு விமானங்கள் பாடத்துக்காக வைக்கப்பட்டிருந்தன. மற்ற மாணவர்கள் விடுதிக்குத் திரும்பிய பின்னும் அவர் அவற்றின் அருகிலேயே அமர்ந்திருப்பாராம். விமானப் பொறியியலை அவர் தேர்ந்தெடுக்க அவையே காரணமாயின. அந்தக் கல்லூரியில் சேர 1000 ரூபாய் வேண்டியிருந்தபோது, தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தவர் அவருடைய சகோதரி ஸொஹரா. ஓய்ந்த விமானமொன்று ஒரு பிள்ளையை உயர்த்தியது. அதற்குப் பின்னால் ஒரு பெண்ணின் வளையல்களும் இருந்தன.

தோழிகளே, இரத்மலானைக்குப் போக வாய்ப்புக் கிடைத்தால் போய்ப் பாருங்கள். அதற்கு முன், வீட்டிலுள்ள உம்மம்மாவிடமும் அப்பாவிடமும் அவர்கள் கேட்ட சத்தங்களைக் கேட்டு எழுதி வையுங்கள். உலோகத்தைக் கழுவி வர்ணம் பூசப் பலர் இருக்கிறார்கள். இந்த வேலைக்கு நாம்தான் இருக்கிறோம்.

நான் தொடங்கிவிட்டேன். என் கொப்பியின் முதற் பக்கத்தில் உம்மாவின் பங்கர் இருக்கிறது.